என் பேத்தி தாண்டிய காக்கா

பத்தாம் நாள் என் மகனுக்கு வைத்த சோற்றைக் காக்கா தொடவில்லை. ஆற்றங்கரைப் படித்துறையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வாழை இலையில் எள்ளு தூவிய சோற்று உருண்டை, பக்கத்தில் அவனுக்குப் பிடித்த மெதுவடை. எதிரே அரச மரத்தில் நாலைந்து காக்காக்கள் உட்கார்ந்துகொண்டு, வேறு யார் வீட்டு விசேஷத்தையோ வேடிக்கை பார்ப்பது போல எங்களைப் பார்த்தன.

எங்கள் வேலூர்ப் பக்கம் காக்கா வராவிட்டால் கைதட்டிக் கூப்பிடுவோம், அதோடு சரி. புனேயில் அப்படி விட மாட்டார்கள். இங்கே பத்தாம் நாள் காக்கா சோற்றைத் தொடவில்லை என்றால், செத்தவருக்கு ஏதோ ஆசை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அது என்ன ஆசை என்று உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக யோசித்து, நான் நிறைவேற்றுகிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். சரியான ஆசையைச் சொல்லிவிட்டால் காக்கா இறங்கி வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் இந்தப் புனேயில், கட்கி வெடிமருந்து பேக்டரிப் பக்கமே கிடக்கிறேன். இந்த ஊர் பஜ்ஜி பாவ் எல்லாம் பழகின மாதிரி சாவு வழக்கமும் பழகிவிட்டது.

முதலில் என் இளைய மகன். ஹிஞ்சேவாடி ஐ.டி. ஆபீஸ்களுக்குக் கம்பெனி வண்டி ஓட்டுகிறான். அண்ணனுக்காக இனி குட்கா போட மாட்டேன் என்றான். சொல்லும்போதே கன்னத்தில் அது ஒதுங்கியிருந்தது. காக்காக்கள் அசையவில்லை. அடுத்து, என் மகனோடு பேக்டரியில் வேலை பார்த்தவர் முன்னால் வந்து, வாங்கிப்போன டிரில் மிஷினை நாளைக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். எங்கள் டிரில் மிஷின் அவரிடம் இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்கும் இல்லை. மருமகள் அழுதுகொண்டே, அத்தையை என் அம்மா மாதிரி பார்த்துக்கொள்வேன் என்றாள். உட்கார்ந்திருந்ததில் ஒரு காக்கா எழுந்து வேறு மரத்துக்குப் போய்விட்டது.

சடங்கு செய்த குருஜி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்துப் பத்தாம் நாள் செய்ய வந்த வேறு வீட்டார் தங்கள் சோற்றோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கோ கால் வலி. என் மகனுடைய ஒரே பெண், என் பேத்தி, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்கு வாயில் வந்துவிட்டது.

“டேய், ஒம் பொண்ணு மறுபடி தாண்டுவாடா. அதுக்கு நான் பொறுப்பு. எறங்கி வந்து துன்னுட்டுப் போ.”

குருஜி இருமினார். மரத்திலிருந்து எதுவும் இறங்கவில்லை. சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு காக்கா வந்தது. பறந்து வரவில்லை, நடந்து வந்தது. இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நேராக இலைக்கு வந்து, வடையைத் தின்றது, எள்ளை ஒதுக்கிவிட்டுச் சோற்றைத் தின்றது, இன்னொரு வடை இருக்கிறதா என்று இலைக்கு அடியில் பார்த்தது.

என் மகனுக்கும் இடது கால் சாய்ப்புத்தான், பேக்டரியில் ஒரு பெட்டி விழுந்ததிலிருந்து. எள்ளும் அவனுக்கு ஆகாது. மருமகள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். இளையவன் வாயில் இருந்ததை ஆற்றில் துப்பிவிட்டு அண்ணா என்று அழுதான். பேத்தி மட்டும் என்னை முறைத்தாள். காக்காவுக்கு வைத்ததை நானே எடுத்துத் தின்றுவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

தாண்டுவது என்றால் நீளம் தாண்டுவது. பேத்திக்குப் பதினேழு வயது. ஓடிவந்து, தரையில் பதித்த வெள்ளைப் பலகையை மிதித்து எழும்பி, மணலில் போய் விழுவாள். மைதானத்தில் விசில் மாட்டிய சார் ஒருவர் அதை முறையாகச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவளைத் தாண்ட வைத்தது என் மகன். அந்த விளையாட்டைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் டியூட்டிக்கு முன்னால் அவளோடு போய், தன் ரப்பர் செருப்பில் ஒன்றைக் கழற்றி மணல் ஓரத்தில் வைத்து, “செருப்பத் தாண்டு” என்பான். ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு திரும்பி வருவான். ஏற்கெனவே சாய்ந்து நடப்பவன், அவன் வந்து சேர்வதற்குள் அவளுக்குச் சிரிப்பு முட்டிவிடும். அவள் தாண்டிவிட்டால் மறுபடி நொண்டிக்கொண்டே போய், செருப்பை ஒரு சாண் தள்ளி வைப்பான். சார் டேப் வைத்து அளப்பார். எங்கள் வீட்டில் செருப்புக் கணக்குத்தான்.

ஒருநாள் டியூட்டிக்குக் கிளம்ப ஷூ மாட்டக் குனிந்தவன் நிமிரவே இல்லை. ரப்பர் செருப்பு வாசலில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. பெருக்கும்போது அதைச் சுற்றிப் பெருக்கினோம்.

பேத்தி தன் ஆணி ஷூவை எடுத்துப் பரண்மேல் போட்டாள். இனி தாண்ட மாட்டேன் என்றாள். அந்த நேரத்தில்தான் நான் படித்துறையில் வாக்குக் கொடுத்தேன். சாரும் விடவில்லை. மழை முடிந்ததும் ஜில்லா அணிக்குத் தேர்வுப் போட்டி, பேர் கொடுத்தாகிவிட்டது, பயிற்சிக்கு வந்து நின்றாவது போ என்று போன் மேல் போன் போட்டார். போனாள். நானும் கூடப் போனேன். பழையபடி அம்பு மாதிரி ஓடிவந்தாள். பலகைக்கு வந்ததும், சிக்னல் விழுந்த பஸ் மாதிரி நின்றுவிட்டாள். அடுத்த தடவை நிற்கவில்லை. மணலிலேயே தடதடவென்று ஓடி அந்தப் பக்கம் போய்விட்டாள், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி. கால் தரையை விட்டு எழும்பவே இல்லை.

அதற்கும் பழி என் மேல்தான் விழுந்தது.

“நீ வாக்குக் குடுத்ததாலதான் ஆயா இப்படி ஆவுது. கால் தூக்கறப்போ அந்த காவ்ளா ஞாபகம் வருது. போய் கேன்சல் பண்ணு.”

அவளுக்குத் தமிழ் பாதி, மராட்டி பாதி. காக்காவுக்குக் காவ்ளா என்பாள். காக்காவிடம் கொடுத்த வாக்கை எப்படிக் கேன்சல் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ரயில் டிக்கெட்டா அது? ஆனால் அவள் வாயைத் திறந்து இவ்வளவு நீளமாகப் பேசியே நாளாகியிருந்தது. டப்பாவில் வடையைக் கட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து, இரண்டு பேரும் படித்துறைக்குப் போனோம்.

சுவருக்குப் பின்னால் ஒரு ஸ்கூட்டி நின்றது. அதன் கைப்பிடியில் எங்கள் காக்கா உட்கார்ந்திருந்தது. சீட்டில் பத்தொன்பது இருபது வயதில் ஒரு மராட்டிப் பையன் உட்கார்ந்து, வடாபாவைப் பிய்த்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தான். படித்துறைக்கு வெளியே பூமாலை விற்கிற அம்மாவின் மகன். காலேஜில் படிக்கிறான்.

என் பேத்தி அந்தக் காக்கா யாருடையது என்று கேட்டாள். என்னுடையதுதான் என்றான். குஞ்சாக இருக்கும்போது கால் ஒடிந்து கிடந்ததாம், எடுத்து வளர்த்தானாம். பறக்கத் தெரியும், ஆனால் சோம்பேறி, நடந்தேதான் போகும். இந்தப் பக்கம் காக்கா குறைந்துவிட்டது. பாதிப் பேருக்குச் சோறு அப்படியே கிடக்கிறது. வெயிலில் எல்லோரும் அழுதுகொண்டு நிற்கிறார்கள். அதனால் ரொம்ப நேரம் ஆனால் குருஜி இருமுவார். இவன் சுவருக்குப் பின்னாலிருந்து காக்காவை இறக்கிவிடுவான். புண்ணியம்தானே ஆஜி என்றான் என்னைப் பார்த்து, இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு குருஜி இருமியது எனக்கு ஞாபகம் வந்தது. தூசி என்று நினைத்திருந்தேன்.

அது எள்ளைத் தின்னாதா என்று கேட்டேன். எள் மட்டும்தான் தின்னாது, நேற்றுக்கூட என் சீட்டின் ரெக்ஸினைத் தின்றது என்று காட்டினான்.

என் பேத்தி சீட்டைப் பார்த்தாள். காக்காவைப் பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்து நான் கையைப் பிடித்தேன். அவள் சிரித்தாள். அவள் அப்பா போனதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. படியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தப் பக்கம் வேறொரு வீட்டுப் பத்தாம் நாள் நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையை அவள் தலைமேல் போட்டு மூடி, முதுகைத் தடவி, அழாதே கண்ணு அழாதே என்றேன். அந்த வீட்டுப் பாட்டி ஒருத்தி வந்து அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

பையன் தண்ணீர் கொண்டு ஓடிவந்தான். முந்தானையை விலக்கி அவள் முகத்தை வெளியே எடுத்தாள், சிரித்துச் சிவந்துபோன முகம். அதைப் பார்த்துக்கொண்டே டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டான். நான் குடித்தேன். அப்புறமும் அவன் கை நீட்டினபடியே இருந்தது.

அப்படியானால் அந்த வாக்குச் செல்லாது என்று ஆட்டோவில் பேத்தி வாதாடினாள். யார் வளர்த்த காக்காவாக இருந்தால் என்ன, தின்றது தின்றதுதான் என்றேன். வீடு வரைக்கும் இதே சண்டை. அந்த அவசரத்தில் டப்பாவைப் படித்துறையிலேயே விட்டுவிட்டோம். நான்தான் விட்டேன். தெரியாமல் விட்டேன் என்று சொல்ல வராது.

மறுநாள் சாயந்திரம் பையன் டப்பாவோடு வந்தான். மூடியில் எங்கள் விலாசம் ஒட்டியிருந்தது. கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போகிற டப்பா. கதவைத் திறந்தது என் மருமகள். எங்கள் வீட்டு வாசலில் எந்த வயசுப் பையனும் நின்றதில்லை. கேஸ் கொண்டு வருகிற ஆளைக்கூட அவள் மாடிப்படியிலேயே நிறுத்துவாள். இவனைத் துரத்த வாயைத் திறந்தாள். அதற்குள் ஸ்கூட்டியிலிருந்து காக்கா இறங்கி, இடது காலைச் சாய்த்துச் சாய்த்துப் படியேறி, வாசலில் கிடந்த என் மகனுடைய ரப்பர் செருப்பின் மேல் போய் உட்கார்ந்தது.

மருமகள் தலைமுந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “வந்துட்டீங்களா” என்றாள். பக்கத்துவீட்டுக்காரிக்குக் கேட்காத மாதிரி, மெல்ல.

நானும் பேத்தியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யார் சொல்வது? நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அதிலிருந்து அது தினப்படி ஆகிவிட்டது. சாயந்திரம் காக்கா வரும். காக்கா தானாக வராது, பையன்தான் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். மருமகள் தட்டில் இட்லி வைத்து, எதிரே உட்கார்ந்து, ரேஷன் கடைக்காரன் செய்ததையும் குழாயில் தண்ணீர் வராததையும் சொல்லுவாள். கேசரி கிண்டினால் எங்களுக்கு மட்டும். காக்காவுக்குக் கிடையாது, என் மகனுக்குச் சர்க்கரை வியாதி. ஒருநாள் காக்காவின் மூக்கில் வடாபாவ் மசாலாவைப் பார்த்துவிட்டாள். டாக்டர் எண்ணெய்ப் பண்டம் கூடாதுன்னு சொன்னது மறந்துடுச்சா என்று அதைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். பையனுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார்கள் என்று என் பேத்தியைக் கேட்டான். இட்லி இன்னும் ரெண்டு வேணுமான்னு கேக்கறாங்க என்று அவள் மராட்டியில் சொல்ல, அவன் மருமகளைப் பார்த்துத் தலையாட்டினான். தட்டில் இரண்டு இட்லி விழுந்தது. மொழிபெயர்ப்பு இப்படித்தான் நடந்தது எங்கள் வீட்டில்.

பேத்தி சாயந்திரமானால் தலைவாரிக்கொள்ள ஆரம்பித்தாள். ஒருநாள் கண்ணுக்கு மை. யாருக்கு இதெல்லாம் என்று கேட்டேன். அப்பா வராரில்ல என்றாள். காக்காவுக்காகக் கண்மை போட்ட பெண்ணை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மை போட்டவள் அன்று சாயந்திரமே குளியலறையில் போய் அதை அழித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பாகத் தீற்றிக்கொண்டு, அவளே காக்கா மாதிரி இருந்தாள்.

“ஆயா, இது தப்பா? அப்பா போயி இன்னும் வருஷம்கூட ஆவல. நான் சிரிச்சிக்கினு உக்காந்திருக்கேன்.”

“எனக்கின்னா தெரியும். ஒங்கப்பனே தெனம் அவன் ஸ்கூட்டில ஏறி வரான். புடிக்கலன்னா ஏறுவானா?”

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இந்தத் தடவை எனக்கே தெரியவில்லை. ரவிக்கையில் மை ஒட்டிக்கொண்டு, இன்னும் போகவில்லை.

ஆனால் கால் எழும்பவில்லை. காலையில் மைதானத்துக்குப் போவாள், ஓடுவாள், பலகையில் நிற்பாள். பையன் காக்காவோடு வந்து பார்க்க ஆரம்பித்தான். அவனாவது ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவனோ, அது என்ன பெரிய விஷயம் என்று பார்க்கத் தானே ஒருமுறை ஓடி, பலகை தடுக்கி, முகத்தால் மணலை உழுதான். வாயிலிருந்து மணலைத் துப்பிக்கொண்டே, இதை நீ தினமும் ஏன் செய்கிறாய் என்று கேட்டான். அவள் மணலைத் தட்டிவிட்டாள், அவன் தலையிலிருந்து, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.

தேர்வுப் போட்டி நாள் வந்தது. மருமகள் எப்போதும் போட்டிக்கு வந்ததில்லை. மகள் விழுவதைப் பார்க்கப் பயம். இந்தத் தடவை, அவர் போறாரு, நான் போவாம இருந்தா நல்லா இருக்காது என்று கிளம்பிவிட்டாள். வாசலில் கிடந்த ரப்பர் செருப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். அந்த இடத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பெருக்கினோம்.

மணலுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் கொடியோடு நின்றார். செருப்பை மணலில் வைக்கலாமா என்று சார் கேட்டதற்கு, எந்த அடையாளமும் மணலில் கூடாது என்றார். காக்காவைப் பார்த்துவிட்டு, அதுவும் கூடாது என்றார். பையன் காக்காவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனான்.

மூன்று வாய்ப்பு. முதலாவதில் பலகையில் நின்றாள். இரண்டாவதில் மணலில் ஓடிப் பஸ்ஸைப் பிடித்தாள். சிவப்புக் கொடி, சிவப்புக் கொடி. மற்றப் பெண்கள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சிரித்தார்கள். சார் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டார். நான் வடையை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தேன், திரும்பி வரும்போது பசிக்குமே என்று. பேத்தி மூன்றாவது ஓட்டத்துக்குப் போய் நின்றபோது, பார்க்க நான் எழுந்ததில் காகிதம் பிரிந்து ஒரு வடை கீழே விழுந்து, உருண்டு, மணலில் போய் நின்றது.

பையனின் சட்டைக்குள்ளிருந்து காக்கா வெளியே வந்தது. வேலியைத் தாண்டி, நடந்து, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து மணலுக்குள் இறங்கியது. பேத்தி கிளம்பிவிட்டாள். அதிகாரி கத்தினார், மராட்டியில். பையன் கத்தினான். காக்கா வடையை நெருங்கி, எள் இருக்கிறதா என்று நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

என் மருமகள் எழுந்து நின்றாள். பத்துத் தெருவுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

“ஏங்க, தள்ளுங்க. பொண்ணு வர்றா.”

நிற்கவும் முடியாது, மணலில் ஓடவும் முடியாது. ஓடினால் காக்காவை மிதிக்க வேண்டும். பேத்தி பலகையை மிதித்தாள். எழும்பினாள். காக்காவுக்கு மேலே அவள் போவதை நான் பார்த்தேன். காக்கா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாற்போல விழுந்து, திரும்பி, முதலில் காக்காவைத்தான் தேடினாள்.

அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். இடைஞ்சல் இருந்ததால் அது கணக்கில் வராது, மறுபடி தாண்ட வேண்டும் என்றார்கள். காக்கா இல்லாமல்.

அவள் எங்களிடம் வந்து பையை வாங்கினாள். அப்பாவின் செருப்பில் ஒன்றை எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் போய், பையன் கையில் கொடுத்து ஏதோ சொன்னாள். அவன் ஒரு கையில் காக்காவும் மற்றக் கையில் செருப்பும் பிடித்துக்கொண்டு, வேலி ஓரமாக நடந்து, அவள் கை காட்டிய இடத்தில் நின்று, செருப்பை உயரத் தூக்கிப் பிடித்தான். யாரையோ அடிக்கப்போகிறவன் மாதிரி இருந்தது. அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேலிக்கு வெளியே ஒருவன் செருப்பைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இல்லை போலும்.

அவள் ஓடிவந்தாள். பலகையில் நிற்கவில்லை. வெள்ளைக் கொடி எழுந்தது. டேப்பில் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. செருப்பைத் தாண்டி ஒரு சாண்.

அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவளைவிட நீளமாகத் தாண்டிய பெண்கள் இருந்தார்கள். சாயந்திரம் வந்த இளையவன், ஜெயிப்பான்னு வாக்குக் குடுத்திருந்தா ஜெயிச்சிருப்பா இல்லம்மா என்று என்னைக் குறை சொன்னான். நான் தாண்டுவாள் என்றுதான் சொன்னேன். தாண்டிவிட்டாள். அவன் கன்னம் அப்போதும் உப்பியிருந்தது.

எல்லோரும் போன பிறகு, மருமகள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

“அன்னிக்கு குருஜி இருமினது எனக்கும் கேட்டுச்சு அத்த. டப்பா எதுக்கு அங்க உக்காந்துச்சுன்னும் தெரியும்.”

அப்புறம் ஏன் அதற்குக் கேசரி கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

“இருக்கட்டும். ஒருவேளை அவராவே இருந்துட்டா?”

இரண்டு நாள் கழித்துக் காலையில் மைதானத்துக்குப் போனோம். இந்தத் தடவை மருமகளும் வந்தாள். காக்காவைக் காணோம், மரத்தில் ஒரு ஜோடி கிடைத்துவிட்டதாம், இரண்டு நாளாகக் கூப்பிட்டால் வருவதில்லை என்று பையன் சொன்னான். இனி எங்கள் வீட்டுக்கு வர அவனுக்குக் காரணம் எதுவும் இல்லை. அதைச் சொல்லத் தெரியாமல் ஸ்கூட்டியின் கிழிந்த சீட்டைத் தடவிக்கொண்டு நின்றான். காக்கா வரலன்னா இட்லி வேணாமான்னு கேளு என்றாள் மருமகள் மகளிடம். பேத்தி இந்தத் தடவை சரியாக மொழிபெயர்த்தாள். இல்லாவிட்டால் அவன் காது அவ்வளவு சிவந்திருக்காது.

ரப்பர் செருப்பு வீட்டிலேயே இருந்தது. அவள் பாட்டுக்குக் கால்களை உதறிக்கொண்டு ஓடத் தயாரானாள். பையன் மணலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். குனிந்து தன் காலிலிருந்து ஒரு செருப்பைக் கழற்றி, கொண்டுபோய், போட்டியில் அவள் விழுந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி மணல் ஓரத்தில் வைத்தான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தரையில் பொடிக்கல் குத்தியது. ஒற்றைக் காலில் எம்பி எம்பி நொண்டிக்கொண்டு திரும்பி வந்தான்.

பேத்தி அவன் வருவதையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஓட வேண்டும் என்பதை மறந்து.

“இன்னா அத்த,” என்றாள் மருமகள், “நம்ம வூட்டுக்கு வர்றதெல்லாம் நொண்டிக்கினே வருது.”